மூக்கிலிருந்து தேய்ந்த குதிரை

என் தங்கை மகன் கிட்டார் வாசிக்கும் ராக் குழுவின் சின்னம், வலப்பக்கம் பாயும் ஒரு குதிரை. அவன் உருப்படியாக வரைந்தது அது ஒன்றுதான். அதற்கு முன் அவன் வரைந்த நாயைப் பார்த்து எங்கள் வீட்டு நாய் மூன்று நாள் சாப்பிடவில்லை.

குழுவின் சட்டைகளை அச்சடிப்பவன் நான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிவலையின் மேல் மையை வழித்தால் படம் சட்டையில் இறங்கும். என் மேசைக்கு வலப்பக்கம் ஜன்னல். காற்றுக்கு அந்த ஓரத்து மை சீக்கிரம் காய்ந்து வலையை அடைத்துக்கொள்ள, இரண்டாம் வருடம் குதிரைக்கு மூக்கு விழவில்லை.

இது எந்த அச்சுக்காரனுக்கும் நடக்கும். ஆனால் நான் மூலப்படத்தைத் தேடச் சோம்பல்பட்டு, ஒவ்வொரு வருடமும் போன வருடச் சட்டையைப் பார்த்தே புது வலை செய்தேன். மூன்றாம் வருடம் தலை போனது. அடுத்து கழுத்து, பிறகு முன்னங்கால்கள். ஏன் இப்படி என்று ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் ஆராய்ந்து எழுதினார். ஜன்னலைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஏழாம் வருடம் வால் மட்டும் மிஞ்சியது. கச்சேரி அன்று காலை மருமகன் பட்டறைக்கு வந்தான்.

"எல்லாத்தையும் முழுங்கிட்டு வாலை மட்டும் விட்டிருக்கீங்களே, மாமா!"

"விட்டேன்ல? சந்தோஷப்படு மாப்ளே."

"விளையாடாதீங்க. பாட்டு, மெட்டு எல்லாம் மத்தவங்களோடது. என்னோடதுன்னு இருந்தது அந்தக் குதிரைதான். அதுவே போயிடுச்சுன்னா எனக்கு அங்க என்ன வேலை? இன்னிக்கு வாசிச்சுட்டு விலகிடறேன்."

பட்டறையைப் பூட்டினேன். கச்சேரிக்குக் கூடவே போனேன்.

குழுவின் ரசிகர்கள், தாங்கள் ரசிகர்களாகச் சேர்ந்த வருடத்துச் சட்டையைப் போட்டு, அந்த வருட வரிசையில்தான் நிற்பார்கள். மேடையிலிருந்து பார்த்தால் இடக்கோடியில் முழுக் குதிரைச் சட்டைகள், வலக்கோடியில் வெறும் வால். டிரம்ஸ் அதிர்ந்ததும் இடமிருந்து வலமாக அலை அலையாகக் குதித்தார்கள். சட்டைக்குச் சட்டை தாவிக் குதிரை கிளம்பிவிட்டது. மேடையோரம் நின்ற நானே பார்த்தேன். ஏழே தாவலில் மைதானத்தைத் தாண்டியது. வாசல் காவலாளி விசிலை ஊதிக்கொண்டு பின்னால் ஓடினார்.

மருமகன் பாதிப் பாட்டில் என்னிடம் ஓடி வந்தான்.

"பாத்தீங்களா மாமா? அது தேயல. வருஷா வருஷம் சட்டைய விட்டு வெளிய போயிட்டிருந்திருக்கு!"

"எங்க போகுது?"

"அதான் தெரியணும். பேப்பர் இருக்கா?"

விலகுகிற பேச்சையே காணோம். அங்கேயே குந்தி அடுத்த வருடச் சின்னத்தை வரைந்தான்: வெறும் தரையில் தடங்கள். எண்ணினேன்.

"நாலு குளம்பு சரி. அஞ்சாவது என்னடா?"

"காவலாளி செருப்பு, மாமா. அவரும் இன்னும் திரும்பலையாம்."