மஞ்சளாகப் பூக்கும் காய்

இரும்புலியூர் வேதாசல முதலியார் தன் மாடியை யூனிஸுக்கு வாடகைக்கு விட்டபோது போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. "வூட்டுல கவுச்சி கூடாதும்மா. முட்டைகூடத்தான்."

யூனிஸ் பைபிள் மேல் கைவைத்தவள் மாதிரி தலையாட்டினாள். அன்றிலிருந்து முட்டை, பையில் கத்தரிக்காய்க்கு அடியில் ஒளிந்து மாடியேறியது. ஓடுகளை அவள் புருஷன் தேவானந்தம் தாளில் சுற்றி, ஆபீஸ் போகிற வழியில் தாம்பரம் ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் சேர்த்தார்.

ஒரு மார்ச் மாதம் அவள் தம்பி சவுரிமுத்து வந்தான். ஊட்டியிலிருந்து மெட்ராஸ் ஓட்டல்களுக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரிக்கு டிரைவர். பச்சைக் குச்சிகளைக் கட்டாக மேஜையில் வைத்தான்.

"இன்னாடா இது, மூங்கில் குருத்தா?"

"அஸ்பராகஸ்க்கா. வெள்ளக்காரன் துன்றது. முத்தின அடிய ஒடிச்சுப் போட்டுட்டு, வெண்ணெயில வதக்கி, முட்டைய ஒடச்சு ஊத்து. மிளகும் உப்பும் போதும்."

சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு யூனிஸ் அப்படியே செய்தாள். குச்சி பளபளவென்று வதங்கியது. நாலு முட்டையை ஊற்றிக் கிளறியதுதான் தாமதம், வெண்ணெயும் மிளகுமாக வாசனை படியிறங்கிப் போய்விட்டது. வாசனைக்குக் கண்டிஷன் தெரியுமா?

கொஞ்ச நேரத்தில் முதலியார் சமையலறை வாசலில் நின்றார்.

"என்னம்மா அது?"

"ஊட்டிக் காய் சார். அஸ்பராகஸ்."

"காய் பச்சையாத்தானே இருக்கு. அந்த மஞ்சள்?"

யூனிஸ் கரண்டியால் மஞ்சளைக் குச்சிகளுக்கு அடியில் தள்ளினாள். கோடை வெயிலில் சாமான்களோடு வேறு வீடு தேடி அலைவது கண்ணில் ஓடியது. முதலியாரோ சட்டியை எட்டிப் பார்த்து, தானே ஒரு முடிவுக்கு வந்தார்.

"வெந்தா இப்படி மஞ்சளாப் பூக்கும்போல."

"சார், அது வந்து… உங்களுக்கு ஒத்துக்காது."

"காய்தானேம்மா? ஒரு கரண்டி வை."

நின்றபடியே சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். தட்டை வழித்துவிட்டுச் சொன்னார்: "ருசி பிரமாதம். அடுப்பைச் சித்த முன்னாடி அணைச்சிருக்கலாம். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் கடையில ஆஃப்பாயில் போடுறான் பாரு, அந்தப் பதம்…" சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "கனகவல்லிகிட்ட சொல்லிடாதேம்மா."

அவர் இறங்கிப் போனதும் யூனிஸ் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் முதலியார் சம்சாரம் கனகவல்லியம்மாள் டிபன் பாக்ஸோடு வந்தாள். "மீசையில ஒட்டிக்கினு வந்தாரே, அது எனக்கும் கொஞ்சம் வை. கல்யாணத்துக்கு முன்னாடி ஆஸ்டல்ல துன்னது, நாக்கு செத்துப்போச்சு. அவருக்குத் தெரிய வாணாம்."

அந்த வாரம் யூனிஸுக்குப் பெரும்பாடு. முதலியார் வாக்கிங் போனால் அம்மாள் வருவாள்; அம்மாள் கோயிலுக்குப் போனால் முதலியார் வருவார். சனிக்கிழமையோடு அஸ்பராகஸ் கட்டு தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை கனகவல்லி சமையலறையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். முதலியார் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யூனிஸ் கரண்டியும் கையுமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

முதலில் வாய் திறந்தது அம்மாள்தான்.

"காய் தீந்துபோச்சாம்ங்க."

முதலியார் தொண்டையைக் கனைத்தார். "அப்போ… அந்த மஞ்சள்?"

"அது இன்னும் கீதுங்க," என்றாள் கனகவல்லி, பக்கத்தில் இன்னொரு பலகையை இழுத்துப் போட்டபடி.