ஒரே மூச்சில் தூத்துக்குடி

சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல் பூவனநாதன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில் கண்டக்டர். எத்தனை நெரிசலிலும் தடுமாறாமல் டிக்கெட் கிழிக்கிற விரல்கள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குக் கிளம்பிய அவன் மனைவி வேலுத்தாய், தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து போட்டுவிட்டாள்.

"புது மாப்பிள்ளைக்குப் பொத்தான் போட ஆள் வேணுமாக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "காலு பஞ்சு மாதிரி இருக்கு வேலு."

வழியில் எங்கோ தின்ற கோழி ஒத்துக்கொள்ளாமல், போன வாரம் முழுக்க வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்தவன். அந்தச் சோர்வுதான் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

மத்தியானம் பஸ் படியில் கால் வைத்தவன் அப்படியே மடங்கி விழுந்தான். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் அவன் முட்டியைத் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. வேலுத்தாயைத் தனியே கூப்பிட்டார்.

"வயித்துல வந்த கிருமியை அடிக்க அவரு ஒடம்பு கிளம்புச்சும்மா. கிருமி போயிருச்சு. ஒடம்பு அடிய நிறுத்தல. ஆள் தெரியாம அவரு நரம்பையே அடிக்குது. முக்காவாசிப் பேரு எந்திரிச்சிருவாங்க. மூச்சு மட்டும் இறங்காமப் பாத்துக்கிடணும்."

வேலுத்தாய்க்கு ஒன்றுதான் மனசில் நின்றது. அவள்மேல் ஒருநாளும் கை ஓங்காத மனுஷன். அவன் உடம்பு அவனையே போட்டு அடிக்கிறதாம்.

மூச்சின் பலம் பார்க்க, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாள் நர்ஸ். வார்டே பார்க்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எண்ண அவனுக்குக் கூச்சம்.

"எண்ண வேண்டாம். பஸ் ஸ்டாண்டுல கத்துவீங்கள்லா, அதச் சொல்லுங்க" என்றாள் வேலுத்தாய்.

"எட்டயபுரம், சிந்தலக்கரை, கீழஈரால், எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை, தூத்துக்குடீ…"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நர்ஸ் வரும்போதெல்லாம் அவன் ஊர் சொன்னான். மறுநாள் காலையில் குறுக்குச்சாலையோடு மூச்சு நின்றது. மத்தியானம் எப்போதும்வென்றானை எட்டவில்லை. அவனுக்கே தெரிந்துவிட்டது. கண்ணில் நீர் முட்ட மறுபடி முயன்றான். எட்டயபுரம். அவ்வளவுதான். டாக்டரம்மா காத்திருக்கவில்லை, தொண்டைக்குள் குழாய் இறங்கியது.

கையில் மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. முகமும் செத்துப்போய் இமைகள் மூடவில்லை. வேலுத்தாயை உள்ளே விடுகிற நேரங்களில் அவள்தான் கண்ணில் மருந்து விட்டு, இரண்டு விரலால் இமைகளை இறக்கி, அவன் தூங்குகிறவரை அப்படியே பிடித்திருப்பாள்.

"ஒங்க டிரைவரு சீனி அண்ணாச்சி வந்தாவ. ஒங்க எடத்துல நிக்கிற புதுக் கண்டக்டரு ஊரு பேரப் பாதிய முழுங்குதாராம். சனம் எறங்க வேண்டிய எடத்தை விட்டுட்டுச் சண்டை போடுதாம்." மிஷின்தான் மூச்சு விட்டது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் இமையை இறக்கப் போன விரலுக்கு முன்னால் அது தானாகக் கொஞ்சம் இறங்கியது. பாதிதான். வேலுத்தாய் கையை எடுக்காமல் நின்றாள்.

ஐப்பசி மழைக்கு அவன் வீட்டில் இருந்தான். வாக்கரைப் பிடித்துத் தெருமுனைவரை போவான், பாதம் மட்டும் இன்னும் மரத்தே கிடந்தது. பஸ்ஸில் நிற்பதைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. அன்று மழை விட்ட சாயங்காலம், வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேட்காமல் கரிசல் சகதியில் இறங்கி நடந்தான். திரும்பி வந்தபோது பாதத்தில் செருப்புப் போட்ட மாதிரி மண் அப்பியிருந்தது. அவனை வாசல்படியில் உட்கார்த்தி, காலை மடியில் தூக்கி வைத்துக் குச்சியால் சுரண்டினாள். அவன் காலை வெடுக்கென்று இழுத்தான்.

"வலிக்குதா?"

"கூசுதுட்டி."

சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போனான். சிரிப்பு உதட்டின் ஒரு பக்கம் முதலில் வந்தது. மறுபக்கம் கொஞ்சம் பிந்தி வந்தது. வேலுத்தாய் குச்சியைத் தூர எறிந்தாள். குதிகாலிலிருந்து விரல்வரை, ஈர மண்ணின்மேல் நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்தாள்.

சகதிக்குள் பெருவிரல் மடங்கியது.