அடுத்தவன் தராசு

காலை பத்தரை மணிக்கே பழைய இரும்புக் கிடங்கின் தகரங்கள் தொட்டால் சுட்டன. லாரி கொட்டிவிட்டுப் போன குவியலில் குழாயும் கம்பியும் உடைந்த மின்விசிறியும் பின்னிக் கிடந்தன. அதன் முன்னால் காந்தக்கா குந்தியிருந்தாள். கையில் கயிறு கட்டிய ஒரு காந்தம். மஞ்சளாய் மினுக்குவதை எல்லாம் அதை வைத்துத் தொடுவாள். ஒட்டினால் பூச்சு பூசிய இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளை. பதினெட்டு வருஷமாக இதே வேலை. அதனால்தான் அந்தப் பெயர். இன்று கைதான் குவியலில் இருந்தது. கண் கொழுந்தன் மேல் இருந்தது.

கொழுந்தன் செம்பு ஒயர் உரிப்பவன். கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் நின்றான்.

"அண்ணி, ஆள் லைன்ல இருக்கான். பதினொண்ணரை வரைக்கும்தான் இந்த ரேட்டாம்."

காந்தக்கா, அவள் கணவன், கொழுந்தன், பித்தளை பிரிக்கிற இரண்டு பெண்கள் என்று ஐந்து பேர் மூன்று வருஷமாக வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் காந்தக்காவின் கணக்கில் இருந்தது. தெருக்கோடித் தகரக் கொட்டகை வாடகைக்கு வந்திருந்தது. அதை எடுத்துவிட்டால் கூலிக்குப் பிரிக்கிற பிழைப்பு முடிந்தது. தாங்களே வாங்கலாம், தாங்களே விற்கலாம். கொட்டகைக்காரர் கேட்ட முன்பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு துண்டு விழுந்தது. இன்று சாயங்காலத்துக்குள் புரட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்தத் துண்டை அடைக்கத்தான் கொழுந்தன் வழி கண்டுபிடித்திருந்தான். காயின் வாங்கி விற்கிற சந்தை ஆப்பில் முகம் தெரியாத ஒருவன் மலிவாகக் கிரிப்டோ விற்கிறான். கமிஷன் மிச்சமாகட்டும், தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று இவனை வாட்ஸப்புக்குக் கூட்டி வந்துவிட்டான். காயினைப் போட்டு வைக்க ஒரு வாலட் ஆப்புக்கு லிங்கும் அனுப்பியிருந்தான். காலையிலேயே அதைக் காந்தக்காவின் போனில் இறக்கியாகிவிட்டது.

"மார்க்கெட்ல நூறு போற காயின், எண்பத்தெட்டுக்குத் தர்றான் அண்ணி. வாங்கின கையோட மார்க்கெட்ல தள்ளிடலாம்."

"மலிவா ஏன் தர்றான்?"

"அவசரமாப் பணம் வேணுமாம். நம்மகிட்ட சரக்கு கொட்டறவன் எல்லாம் நிதானமாவா கொட்டறான்?"

அது சரியாகத்தான் பட்டது. அவசரக்காரனிடம் வாங்கி மார்க்கெட் விலைக்கு விற்பதுதானே இந்தக் கிடங்கில் நாளெல்லாம் நடக்கிறது. காந்தக்காவுக்கு உள்ளங்கை அரித்தது. மனசுக்குள் கணக்குப் போட்டாள். எண்பத்தெட்டு பத்தாது.

"எண்பதுக்குக் கேளு. முன்பணம் அப்பத்தான் நேராகும்."

கொழுந்தன் தட்டினான். எச்சில் விழுங்குவதற்குள் பதில் வந்தது.

"சரின்னுட்டான் அண்ணி."

பித்தளைப் பெண்கள் இருவரும் வேலையை விட்டு எழுந்து வந்தார்கள். கேஸ் கட்டரால் இரும்புத் தூண் அறுத்துக்கொண்டிருந்த கணவன் சுடரை அணைத்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"யாரு எவருன்னு தெரியாதவன். பாத்து," என்றான்.

"எனக்குத் தெரியாதாங்க?" என்றவள் கொழுந்தனிடம் திரும்பினாள். "இந்தா, அவன்கிட்ட இதையும் சொல்லு. சரக்கு முதல்ல நம்ம தராசுல ஏறணும். அப்புறம்தான் காசு."

கிடங்கில் அது மாறாத சட்டம். வெளியூர் எடைச்சீட்டைக் கொண்டுவந்து நீட்டினால் காந்தக்கா மடித்து அவன் சட்டைப்பையிலேயே செருகிவிடுவாள். இந்தச் சட்டத்துக்கு முகம் தெரியாதவன் முறுக்கிக்கொள்வான் என்றுதான் நினைத்தாள். முறுக்கவில்லை. பாதியை முதலில் அனுப்புகிறேன், அதற்குப் பணம் போட்டதும் மீதி என்றான். இரண்டே நிமிஷத்தில் வாலட்டில் பச்சை நிறத்தில் ஒரு எண் வந்து உட்கார்ந்தது.

"வந்துருச்சுடீ," என்றாள் ஒரு பித்தளைக்காரி. மற்றவள் அவள் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "கொட்டகையில முன்பக்கம் பித்தளைக்கு. இரும்பெல்லாம் பின்னால, இப்பவே சொல்லிட்டேன்."

காந்தக்கா தன் போனை எடுத்தாள். வங்கி ஆப்பைத் திறந்தாள். அவன் கொடுத்த கணக்கு எண்ணை அடித்தாள். ஒரு பெண் பெயர் வந்தது.

"பொம்பளப் பேரா இருக்கே."

"அவன் அக்கா கணக்காம்."

தொகையும் அடித்தாயிற்று. விரல் கடைசிப் பொத்தானுக்கு மேலே நின்றது. ஏனோ இறங்க மறுத்தது.

"ஏன்டா, எண்பதுன்னதும் அவன் ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லியே. உடனே சரின்னுட்டான்."

"போன வாரம் ஒருத்தன் அரைக் கிலோ குழாய்த் திருகுக்கு ஒரு மணி நேரம் என் உயிரை எடுத்தான். இவன் இத்தனை பணத்தை வாயைத் திறக்காம விட்டுட்டான்?"

"அண்ணி, நேரம் போகுது."

"போகட்டும். ஒரு துண்டு வெட்டிப் பாக்கணும்."

பெரிய கட்டி வந்தால் மூலையில் அரத்தால் உரசி உள்நிறம் பார்ப்பார்கள். காயினை எங்கே உரசுவது? நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் போன் கடையில் வேலை பார்க்கிறவள். இந்தக் காயின்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முறையாக வாங்கி வைத்திருப்பவள்.

"உன் வாலட்டுக்கு இதுல ஒரே ஒரு காயின் அனுப்பறேன். வருதான்னு சொல்லு."

அனுப்பினாள். போகவில்லை. திரையில் சிவப்பாக ஒரு பெட்டி முளைத்தது. கொழுந்தன் வாய்விட்டுப் படித்தான். "வெளிய எடுக்கணும்னா முதல்ல பத்து சதவீதம் திறப்புக் கட்டணம் கட்டணுமாம்."

"நம்ம தராசுல ஏறின சரக்கை நாம இறக்கறதுக்கு எதுக்குடா அவனுக்குக் காசு?" என்றான் கணவன்.

காந்தக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம தராசே இல்லைங்க," என்றாள். "இந்த ஆப்பை அனுப்பினவன் அவன். அவன் தராசுல அவனே நிறுத்துக் காட்டிருக்கான். நான் வாயைப் பிளந்துட்டு நின்னிருக்கேன்."

நடந்ததையெல்லாம் கேட்டு, வாலட் முகவரியையும் வாங்கிப் பார்த்துவிட்டு நாத்தனார் திரும்ப அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"அண்ணி, எந்தக் காயின் எங்க இருக்குன்னு யார் வேணாலும் பாக்கற பொது ஏடு ஒண்ணு இருக்கு. அதுல உங்க முகவரி காலி. அந்தப் பச்சை நம்பர் வெறும் படம். பணம் போட்டுட்டீங்களா?"

"விரல் மேலதான் இருக்கு."

"முதல்ல எடுங்க. எங்க சின்னண்ணன் எங்க, அந்த அறிவாளி? சந்தை ஆப்பை விட்டு வெளிய வான்னு ஒருத்தன் கூப்பிட்டா, பின்னாலயே போயிடறதா? உள்ளயே இருந்தா விக்கறவன் காயினை அது பூட்டி வைக்கும். பணம் சேர்ந்தாத்தான் பூட்டைத் திறக்கும். பணம் போற கணக்கும் அவன் பேர்லயே இருக்கணும், அக்கா தங்கச்சி எல்லாம் கிடையாது. இன்னொண்ணு, அங்க எண்பதுக்கு எவனும் தரமாட்டான்."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு ஒயர்த் தோலைக் காலால் நிமிண்டினான். அவன் கையிலிருந்த போன் மட்டும் ஓயாமல் டிங் டிங் என்றது. 'அண்ணே பத்து நிமிஷம்தான்.' 'அண்ணே என்மேல நம்பிக்கை இல்லையா.'

காந்தக்கா போனைப் பிடுங்கிப் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். "நம்பிக்கை இருக்கு தம்பி. மீதியையும் போட்டு விடு. சேத்து எடை போட்டுட்டு மொத்தமாத் தர்றேன்."

கண் மூடித் திறப்பதற்குள் பச்சை எண் இரண்டு மடங்காயிற்று.

முதலில் சிரித்தது கணவன்தான். "இன்னும் கொஞ்சம் கேளும்மா. ஒரு லாரியும் வாங்கிடலாம்."

"கேட்டா மாடி கட்டியும் தருவான்," என்றாள் பித்தளைக்காரி. சிரித்துச் சிரித்துக் குழாய்க் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தனுக்கும் கடைசியில் அடக்க முடியவில்லை. பேசியதையெல்லாம் படமெடுத்து, சந்தை ஆப்பில் அந்த ஆள்மேல் புகார் போட்டான், பிறகு அவனை பிளாக் செய்தான், வாலட்டையும் அழித்தான்.

சிரிப்பு அடங்கியதும் துண்டு விழுந்த பணம் அப்படியே நின்றது. நான்கு பேரும் காந்தக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். பணம் எதுவும் போய்விடவில்லை. ஐந்தில் நாலு பங்கு முழுசாகக் கணக்கில் கிடந்தது. அரை மணிக்கு முன்னால் அதுவே போதாத காசாகத் தெரிந்தது. இப்போது கையில் கனத்தது.

அவள் கொட்டகைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, முழுக் கொட்டகைக்கும் முன்பணம் தேறல. ஐஞ்சுல நாலுதான் இருக்கு. நாலு பங்கு இடம் குடுங்க. பின்பக்கம் ஒரு பங்கை நீங்களே சாமான் போட்டு வச்சுக்குங்க."

காந்தக்கா கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல தடுப்பு யாரும்மா அடிக்கறது?" என்றார் கொட்டகைக்காரர்.

"எங்க வீட்டுக்காரரு அடிப்பாரு. தகரமும் எங்களதே."

"எனக்குத் தனி வாசல் வேணும்."

"அதையும் அவரே அறுத்துக் குடுப்பாரு."

"சரி, வாங்க. வந்து அளந்துக்கலாம்."

அவள் கைகூடக் கழுவவில்லை. கிடங்கு முதலாளியிடம் ஒரு மணி நேரம் லீவு சொல்லக் கொழுந்தன் ஓடினான். கணவன் அளவு டேப்பைத் தேடினான். பித்தளைப் பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஏற்கெனவே தெருவில் பாதி தூரம் போய்விட்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே வந்த காந்தக்காவுக்கு அவர்கள் குரல் கேட்டது. வடக்குச் சுவரோரம் யாருக்கு என்று உரக்கச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். அவளும் நடையை எட்டிப் போட்டாள்.