நாலு பருவமும் ஒரே பையில்

எங்கள் உப்சாலா நகரில் அந்த வருஷத்து முதல் பனி நவம்பரில் ஒரு புதன்கிழமை கொட்டித் தீர்த்தது. நான் காபியைக்கூட முழுதாகக் குடித்திருக்கவில்லை, மாலின் போனில் வந்துவிட்டாள்.

"டோர்கெல், டீராவோட குளிர்கோட்டு உன் வீட்லதானே இருக்கு?"

"என் வீட்லயா? உன் வீட்லன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டிருக்கேன்!"

"ஐயோ, புள்ள வெறும் மழைச்சட்டையில ஸ்கூலுக்குப் போயிருக்கு" என்றாள் மாலின்.

மாலினும் நானும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் மகள் டீராவுக்கு ஒன்பது வயது. ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு, வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கை மாறும். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான், இதற்காக யாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதில்லை. எல்லோருக்கும் உள்ள தலைவலி துணிதான். காலுறை அங்கே, காற்சட்டை இங்கே, திங்கட்கிழமை காலையில் ஒரே ரகளை.

அந்தத் தலைவலிக்கு மாலின் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். இரண்டு வீட்டுக்கும் இரண்டு இரண்டாக மலிவுத் துணி வாங்கிக் குவிக்க வேண்டாம். எதை வாங்கினாலும் ஒன்றே ஒன்று, நல்லதாக. மெல்லிய கம்பளி உள்சட்டை, அதன் மேல் பின்னல் சட்டை, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேல்சட்டை. குளிர் ஏற ஏற ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டியது, வெயில் வர வர ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியது. நிறமும் சாம்பல், கருநீலம், ஓட்ஸ் கஞ்சி நிறம், ஒரே ஒரு பாசிப்பச்சை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் எதுவும் எதோடும் சேரும். நாலு பருவத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பைதான். வெள்ளிக்கிழமை டீரா அதை முதுகில் மாட்டிக்கொண்டு வருவாள். பெற்றோர் கூட்டத்தில் மற்ற அம்மாக்கள் மாலினைச் சுற்றி நின்று யோசனை கேட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்படிப்பட்ட அலமாரியிலிருந்துதான் ஒரு கோட்டு காணாமல் போயிருந்தது. நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். மதியம் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அலமாரியைத் திறந்தால் நாலைந்து துணி, நடுவில் காற்றாட இடம். தொலைவதற்கு ஒரு மூலை முடுக்கு வேண்டாமா? அக்டோபரில் வாங்கிய கோட்டு அது. இரண்டு குளிர்காலம் வரட்டும் என்று ஒரு அளவு பெரிதாக எடுத்தது, முழங்கால் வரை தொங்கும். அவ்வளவு பெரிய சாமான் எங்கே போயிருக்கும்? எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது.

"ஏம்மா, சின்னதாப் போன துணியெல்லாம் நீ உடனே வித்துடுவியே. அதோட சேத்து இதையும் வித்துத் தொலைச்சிட்டியா?" என்று மாலினைக் கேட்டேன்.

"ஆமா, புதுக் கோட்ட வித்துட்டு அந்தக் காசுல நான் ஊர் சுத்தப் போறேன். நீதான் பஸ்ல விட்டுட்டு வந்திருப்ப. போன வருஷம் ஒத்தைக் கையுறையோட வீட்டுக்கு வந்தவன்தானே நீ!"

"அந்தக் கையுறைய இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவ?"

"இன்னொண்ணு தொலைக்கிற வரைக்கும்."

சாயங்காலம் டீராவிடம் போனில் பேசினேன். தெரியலப்பா என்றாள். கடைசியா எப்போ போட்டே என்றால் ஞாபகமில்லை என்றாள். எந்தப் பாட்டை எந்த வகுப்பில் பாடினோம் என்பதுகூட நினைவிருக்கிற பிள்ளை அது. யாராவது பிடுங்கிக்கொண்டார்களா? மிரட்டி வைத்திருக்கிறார்களா?

மறுநாள் பள்ளிக்கே போய்விட்டேன். வாசலில், தரை அழுக்காகாமல் இருக்க வைத்திருக்கும் நீலப் பிளாஸ்டிக் உறையைக் காலணி மேல் மாட்டிக்கொண்டு நேராகத் தொலைந்த துணி மேசைக்குப் போனேன். அங்கே ஒரு மலையே குவிந்திருந்தது. அதில் பாதி சாம்பல், பாதி கருநீலம்! மாலினின் வைத்தியம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது போலும். இன்னொரு அப்பாவும் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"எது எம் பொண்ணோடது, எது உங்க பொண்ணோடதுன்னு அந்தத் துணிக்கே தெரியாதுங்க" என்று அலுத்துக்கொண்டார்.

டீராவின் கோட்டு அங்கேயும் இல்லை. அவளுடைய ஆசிரியை குன்னெல் அந்தப் பக்கமாக வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"காணோமா? அது அவ கொக்கியிலதானே தொங்குது!"

வகுப்புக்கு வெளியே நடைவழியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொக்கி உண்டு. மேலே பெயர், அதற்கு மேல் ஒரு சின்னத் தட்டு, கீழே பெஞ்சு. டீராவின் பெயருக்கு அடியில் கோட்டு தொங்கியது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கோட்டுக்குப் பின்னால் மழைக்காற்சட்டை, அதற்குப் பின்னால் பாசிப்பச்சைப் பின்னல் சட்டை. தட்டில் கம்பளித் தொப்பி, அதனடியில் வெயில் தொப்பி. பெஞ்சுக்குக் கீழே பனிக்காலணி, அதை ஒட்டிக் கோடைச் செருப்பு. செருப்பு மாலின் வீட்டில் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். என் வீட்டில் இருப்பதாக அவள் நினைத்திருப்பாள். எல்லாம் மடிப்புக் கலையாமல், பருவ வரிசைப்படி இருந்தது. மாலின்கூட இவ்வளவு நேர்த்தியாக அடுக்கமாட்டாள்.

"இடைவேளைக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுதான் வெளிய விளையாடப் போவா" என்றார் குன்னெல். "வீட்டுக்குக் கிளம்புறப்போ கழட்டி மாட்டிட்டு மழைச்சட்டையில போவா. உங்க ரெண்டு வீட்லயும் ஒவ்வொண்ணு இருக்கும், இது ஸ்கூலுக்குன்னு நினைச்சேன்."

அவரும் அப்படி நினைத்திருக்கிறார். மூன்று பெரியவர்கள், ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பிள்ளையைக் குளிரில் நடக்க விட்டிருக்கிறோம். எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மாலினுக்குச் சொன்னேன். அலுவலகத்திலிருந்து அரக்கப்பரக்க வந்தாள், ஒரு காலில்தான் நீல உறை. மணி அடித்ததும் வெளியே வந்த டீரா எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"திட்ட மாட்டோம்டா கண்ணு" என்றாள் மாலின். "ஏன் இங்கேயே வெச்சிட்டுப் போற? குளிரல?"

"கொஞ்சம் குளிரும்."

"பின்ன ஏன்?"

டீரா தன் காலணி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க வெச்சா இங்கேயே இருக்கும்மா. வெள்ளிக்கிழமையும் இருக்கு. திங்கக்கிழமை வந்தாலும் இருக்கு."

மாலினுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கலங்கினால் உடனே கடைக்குக் கிளம்புகிற ரகம். "சரி, விடு. அந்த ஒரே பை கதையெல்லாம் இன்னியோட போதும். ரெண்டு வீட்லயும் எல்லாமே வாங்கி வெச்சிடுவோம். ரெண்டு கோட்டு, ரெண்டு செருப்பு. நீ எதையும் தூக்க வேணாம்."

"அப்பவும் நான்தானே போய்ட்டுப் போய்ட்டு வரணும்?" என்றாள் டீரா.

அவள் அழவில்லை, முறைக்கவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். பிள்ளைகள் உயரத்துக்குப் போட்ட பெஞ்சில் முழங்கால் மோவாயை இடிக்க, இரண்டு பேரும் திருட்டு முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாரம் மாறி வாரம் என்பது யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாத ஏற்பாடு என்று நான் எத்தனை பேரிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அது மாலினுக்கும் எனக்கும் நடுவே போட்ட நியாயம். நடுவில் நடந்தது டீரா.

"வேற மாதிரியும் பண்றாங்கல்ல?" என்றேன் மெதுவாக. "புள்ள ஒரே வீட்ல இருக்கும். அம்மாவும் அப்பாவும் மாறி மாறிப் போய் வருவாங்க."

மாலின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதாவது உன் வாரத்துல நீ படுத்த கட்டில்ல என் வாரத்துல நான் படுக்கணும்."

"போர்வைய மாத்திக்கலாம்மா."

"நீ திங்கிற அந்த நாத்தம் புடிச்ச மீன் டப்பா ஃப்ரிட்ஜுல இருந்துச்சுன்னா, உன்னையும் சேத்துத் தூக்கி வெளிய வீசிடுவேன்."

அது சம்மதம்தான். பேசி முடிவு செய்ய ஒரு வாரம் ஆயிற்று, நடுவில் இரண்டு தடவை சண்டையும் ஆயிற்று. பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதால் என் வீடு டீராவின் வீடு. மாலினின் சின்ன வீட்டில், அந்த வாரம் டீராவோடு இருக்கும் முறை இல்லாதவர் போய் இருந்துகொள்ள வேண்டியது. டீராவிடம் சொன்னபோது அவள் குதிக்கவெல்லாம் இல்லை. "நிஜமாவா? எல்லா வாரமுமா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அடுத்த நாள் கோட்டு அவள் தோளில் வீட்டுக்கு வந்தது.

டிசம்பரின் முதல் வெள்ளிக்கிழமை, கிளம்புவது என் முறை. இரண்டு கம்பளி உள்சட்டை, பின்னல் சட்டை, காற்சட்டை என்று ஒரு பைக்குள் அடுக்கினேன். அதென்ன பெரிய விஷயம், ஐந்து நிமிஷ வேலை. மாலின் அடுப்படியில் ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். டீரா வாசல் வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் எடுத்துக்கிட்டியாப்பா?"

"எடுத்துக்கிட்டேன்! ஒரு வாரம்தானே? சும்மா ஜாலியா இருக்கும்!"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவர்கள் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது. நான் மூன்று படி இறங்கியிருப்பேன், அதற்கு மேல் கால் வரவில்லை. நான் இப்போது சொன்ன பதில் என்னுடையது இல்லை. என் வீட்டிலிருந்து பள்ளிக்குக் கிளம்பிய ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும், நான் இதே கேள்வியைக் கேட்க, பையை முதுகில் மாட்டிக்கொண்டு டீரா எனக்குச் சொன்ன பதில் அது. அதே துள்ளல், அதே சிரிப்பு. இரண்டு வருஷமாக நான் அதை நம்பிக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.