நாலு மாடி தூக்கிய வில்லன்

"பூட்டு நல்லவனுக்கு மட்டுந்தாங்க. கெட்டவனுக்கு அது அஞ்சு நிமிஷ வேலை." கடைக்கு வருகிறவர்களிடம் சாவிக்காரர் இதைச் சொல்லாமல் சாவியைக் கையில் கொடுத்ததில்லை. சொல்லிவிட்டு, காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் டிராயரில் போடுவார். மனிதர்களையும் அப்படித்தான். அவர் பெண்சாதி சொல்வாள்: "இவருக்கு நிழல் கூடவே வந்தாலும், எதுக்குடா பின்னாடி வர்றேன்னு கேப்பார்."

அப்படிப்பட்டவரைத்தான் பக்கவாதம் அடித்தது. கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோதே, பாதி வெட்டிய சாவியோடு விழுந்தார். வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் மூன்றும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, பெண்சாதியின் தம்பி அவரைக் காரிலிருந்து இறக்கி, முதுகில் சுமந்து, நாலாவது மாடி வரை ஏறினான். அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. அடுத்த திங்கட்கிழமை அதே மைத்துனன் போய்ச் சாவிக்கடையைத் திறந்து உட்கார்ந்தான்.

"கடை மூடிக் கிடந்தா ஆளுங்க வேற கடை பார்த்துப் போயிடுவாங்க, அத்தான்" என்றான்.

நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிறவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது சாவிக்காரரின் சித்தாந்தம். படுத்த படுக்கையில் வேறு வேலையும் இல்லை. கவனிக்க ஆரம்பித்தார்.

கவனித்ததில் தெரிந்தவை வருமாறு. மைத்துனன் கடை ஷட்டரின் பூட்டை மாற்றிவிட்டான். சமையலறையில் அக்காளும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். இவருடைய கட்டில் அசையும் சத்தம் கேட்டால் பேச்சு நின்று பாத்திரச் சத்தம் தொடங்குகிறது. கடையின் வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புது ஒப்பந்தம் இரண்டு பேர் பெயரில்தான் போடுவேன் என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லியிருக்கிறாராம்.

"ஒரு பேரு உங்களுது, அத்தான். இன்னொண்ணு நடமாடற ஆளா இருக்கணுமாம்."

நடமாடற ஆள். அந்தச் சொல் சாவிக்காரரின் நெஞ்சில் அரம் போல உரசியது. இருபத்தைந்து வருஷம் கட்டிக் காத்த கடை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்திய கதை நம் வீட்டிலேயே நடக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டார்.

எனவே, ஒரு சாயங்காலம் மைத்துனன் ஒரு பழைய சாவியோடு வந்து, "அத்தான், இது தேஞ்சு போன சாவி. இதைப் பார்த்து எப்படி வெட்டறது?" என்று கேட்டபோது, சாவிக்காரர் கோணல் வாயாலேயே தெளிவாகச் சொன்னார்: "இருக்கறதை விடக் கொஞ்சம் ஆழமாவே வெட்டு." தேய்ந்த சாவிக்குக் கொஞ்சம் மேடு விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஆழமாக வெட்டினால் அந்தச் சாவி காது குடையத்தான் உதவும். மைத்துனன் தலையாட்டிவிட்டுப் போனான். அன்றைக்குச் சாவிக்காரருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வாரம் மூன்று நாள் மைத்துனன் முதுகில் மாடி இறங்கி மருத்துவமனைப் பயிற்சிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்ணை எல்லோரும் மிஸ் என்பார்கள். வலது கை திரும்ப நாளாகும், அதுவரை இடது கையால் எழுதிப் பழகுங்கள் என்று அவள் சொன்னாள். எழுத்து, சொல், வரி என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள், "இப்ப உங்க கையெழுத்தைப் போட்டுப் பழகுங்க, ஐயா" என்றாள்.

சாவிக்காரரின் விரல்களிலிருந்து பென்சில் விழுந்தது. அன்று காலைதான் அவள் தாழ்வாரத்தில் மைத்துனனோடு பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்திருந்தார். அவன் ஏதோ கேட்க, அவள் தலையை ஆட்டினாள். இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. வலது கையெழுத்து போனது போனதுதான். இடது கைக்குக் கையெழுத்துப் பழக்கிவிட்டால், காகிதத்தை நீட்டிக் கடையை எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி வரைக்கும் ஆள் பிடித்துவிட்டானா பயல்!

"கையெழுத்து வேணாம், மிஸ்."

"ஏன் ஐயா? எல்லாத்துக்கும் தேவைப்படுமே?"

"தேவைப்படறவங்க அவங்க கையெழுத்தைப் போட்டுக்கட்டும்."

அவள் சிரித்தாள். "சரி, வேற என்ன எழுதறீங்க? எதையாவது எழுதினாத்தான் கை வரும்."

"கதை எழுதறேன்" என்றார் சாவிக்காரர். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தால், அது புத்திசாலித்தனமாகவே பட்டது. கதையைக் காட்டி எவனும் எவன் கடையையும் எழுதி வாங்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் மழையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியதோடு சரி. அதற்குப் பிறகு அவர் முழுப் பக்கம் எதையும் எழுதியதில்லை. ஆனாலும் முன்னெச்சரிக்கையில் குறைவைக்கவில்லை. சொந்தப் பெயர் கூடாது, சாவி என்ற சொல்லே கூடாது. பக்கத்தின் அடியில் காலியிடம் இருந்தால் குறுக்குக் கோடு போட்டு அடைத்தார். பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடக் கூடாதல்லவா?

கதாநாயகன் ஒரு தையல்காரர். நல்லவர், உழைப்பாளி, கை விழுந்துவிட்டது. வில்லன் அவருடைய பெண்சாதியின் தம்பி. வில்லனுக்கு ஒரு மாறுகண் வைத்தார், ஒரு தங்கப்பல் வைத்தார், தனியாக இருக்கும்போது சிரிக்கிற சிரிப்பும் வைத்தார். இடது கை எழுத்து மையில் விழுந்த எறும்பு நடந்தது போலிருந்தது. ஆனால், அந்தத் தங்கப்பல்லைப் பற்றி எழுதிய காலை நேரத்தில், கை விழுந்ததை அவர் ஒருமுறைகூட நினைக்கவில்லை. நோய் வந்த பிறகு அப்படி ஒரு காலை அதுதான் முதல் தடவை.

பக்கத்து நாற்காலியில் ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. "வாய்க்கு ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தா வீட்ல எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்று தானே சொல்லிக்கொள்வார். டிக்கெட் பரிசோதிக்கிற மாதிரி சாவிக்காரரின் காகிதங்களை வாங்கிப் படித்தார்.

"வில்லன் சரியில்லையேப்பா."

"என்ன சரியில்ல? தங்கப்பல்லு இருக்கு, பார்த்தீங்களா?"

"பல்லு இருக்கட்டும். இந்தத் தையல்காரர் வீடு நாலாவது மாடின்னு எழுதியிருக்கே. கை கால் விழுந்தவர் எப்படி மேல போனாரு?"

"தூக்கிட்டுப் போனாங்க."

"யாரு?"

"அவன்தான். வில்லன்."

"வில்லன் எதுக்குப்பா தூக்கறான்?"

"நடிப்பு. ஊருக்குக் காட்டறதுக்கு."

"நாலு மாடி நடிப்பா?" கண்டக்டர் காகிதத்தைத் தட்டினார். "நடிக்கறவன் முதல் மாடி வரைக்கும் தூக்குவான். அங்க நாலு பேர் பார்ப்பாங்க. ரெண்டாவது மாடியில இடுப்பு புடிச்சிக்கும், ஆளைக் கூப்பிடுவான். முப்பது வருஷம் பஸ்ஸுல நடிப்பைப் பார்த்தவன் சொல்றேன். இவன் நடிக்கல. இல்லேன்னா உனக்கு எழுதத் தெரியல."

இரண்டாவது குற்றச்சாட்டுத்தான் சாவிக்காரருக்கு உறைத்தது. வேலை சுத்தமில்லை என்று அவரை யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் வில்லனைச் செப்பனிட உட்கார்ந்தார். எப்படி அராவினாலும் கதை திறக்கவில்லை. கடையைப் பிடுங்க வந்தவன் காலையில் வந்து எதற்குத் தையல்காரரைக் குளிப்பாட்டுகிறான்? அதற்கு ஒரு காரணம் வேண்டும். அவனுக்கு ஒரு பழைய பிழைப்பு வேண்டும், அதில் ஒரு கெட்ட பெயர் வேண்டும். பெண்சாதி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி முன்னாடி வேலை பார்த்த அச்சகத்துல என்னவா இருந்தான்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இப்பத்தான் கேக்கறீங்களா?"

"கதைக்கு வேணும்."

"கதைக்கா! மனுஷனுக்கு வேணாம், கதைக்கு வேணும்." ஒரு துண்டை உதறி மடித்தாள். "ஃபோர்மேன் ஆக்கறதாச் சொல்லியிருந்தாங்க. நீங்க விழுந்தப்ப லீவு கேட்டான், தரல. வேலையை விட்டுட்டு வந்துட்டான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான். சொன்னா, கடையைப் புடிக்கத்தான் வேலையை விட்டான்னு நினைப்பீங்களாம்."

சாவிக்காரர் அந்த நிமிஷம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றினார். "சரி, ஷட்டர் பூட்டை எதுக்கு மாத்தினான்?"

"பழைய பூட்டுச் சாவி எங்க இருக்கு?"

"எங்க இருக்கு?"

"உங்க தலகாணிக்கு அடியில. கேட்டதுக்கு, இடது கையால அமுக்கிப் புடிச்சிக்கிட்டுத் தரமாட்டேன்னீங்க. சாவிக்கடைக்கே சாவி இல்லாம அவன் தெருவுல நின்னான். பூட்டை அறுக்காம வேற என்ன பண்ணுவான்?"

வேலிக்கு ஓணான் சாட்சி, தம்பிக்கு அக்காள் சாட்சி என்று ஒதுக்கிவிட்டுத்தான் கட்டிலுக்குப் போனார். ஆனால் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். சாவி இருந்தது.

மறுநாள் வேறு வழியில்லாமல், மாடிப்படிக் காட்சியை வில்லனின் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். அப்படி எழுதினால் அவனுடைய கள்ளத்தனம் எங்காவது பிடிபடும் என்று ஒரு நப்பாசை. முதல் மாடியிலேயே மாறுகண் இடைஞ்சலாக இருந்தது; அடித்தார். மூச்சு வாங்குகிறவனுக்குத் தங்கப்பல் எதற்கு? அதையும் அடித்தார். இரண்டாவது மாடியில் முழங்கால் நடுங்குவதை எழுதினார். முதுகில் இருப்பவர் மூட்டை போலக் கனக்கிறார். அவர் கோணல் வாயிலிருந்து எச்சில் வழிந்து இவன் கழுத்தில் இறங்குகிறது. துடைக்க இவனுக்குக் கை ஒழியவில்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவரைச் சற்று மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு இவன் ஏதோ சொல்கிறான். என்ன சொல்கிறான்? சாவிக்காரரின் பென்சில் அங்கே நின்றது. அப்புறம் தானாக எழுதியது: "வந்துட்டோம் அத்தான், வந்துட்டோம்." இன்னும் ஒரு மாடி பாக்கி இருந்தது. அன்றைக்கு மைத்துனன் அப்படிச் சொன்னதும் உண்மை, அதைத் தான் அடியோடு மறந்திருந்ததும் உண்மை.

சாவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோய் வந்தவர்களுக்குக் கண்ணில் நீர் சும்மாவே வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைத் தனக்கு நினைவுபடுத்திக்கொண்டார்.

காட்சி சரியாக வந்துவிட்ட வேகத்தில் அடுத்ததையும் எழுதினார். வில்லன் தையல்காரரிடம் வந்து, சட்டைக்குத் தோள் அளவு எப்படி எடுப்பது என்று கேட்கிறான். தையல்காரர் வேண்டுமென்றே இரண்டு விரல் குறைத்துச் சொல்கிறார்.

கண்டக்டர் இந்தத் தடவை நெடுநேரம் படித்தார். பிறகு, "இப்பத்தாம்பா வில்லன் வந்திருக்கான்" என்றார்.

"எங்க? நான் பல்லையெல்லாம் எடுத்துட்டேனே?"

"இவன் இல்லப்பா. தையல்காரரு."

சாவிக்காரரின் காது சிவந்தது. "அவருக்கு உடம்பு சரியில்ல. கடை போயிடுமேன்னு பயம்."

"இருக்கட்டுமே. வில்லனுக்குப் பயம் இருக்கக் கூடாதா? நல்லா வந்திருக்கு. ஆமா, உனக்கு ஏன் வேர்க்குது? கதைதானே?"

"கதைதான்" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார் சாவிக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தான். மறுநாளைக்குள் கொடுக்காவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும். சாவிக்காரர் அதை மூன்று முறை படித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார். இரண்டாவது பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

"இங்க யார் பேரு?"

"அக்கா பேரைப் போடுங்க, அத்தான். நான் எதுக்கு?"

நல்லவன் வேஷமா, என்று உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் தையல்காரருடைய குரல் மாதிரி இருந்தது. சாவிக்காரர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மைத்துனனின் விரல்களைப் பார்த்தார். புதிதாகச் சாவி வெட்டுகிறவனின் விரல்கள். பழைய கீறல்கள், புதுக் கீறல்கள், ஒன்றில் பிளாஸ்திரி.

"தேஞ்ச சாவியை ஆழமா வெட்டுன்னு சொன்னேன்ல? அது தப்பு. மேடு விட்டு வெட்டணும்."

"தெரியும், அத்தான். முதல் சாவியிலயே தெரிஞ்சுபோச்சு. சாவி கொண்டுவந்த அம்மா என்னைத் திட்டின திட்டு இருக்கே!"

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கல?"

மைத்துனன் பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டினான். "நீங்க வீட்டுக்கு வந்ததுலேருந்து சுவத்தைப் பார்த்துட்டே கிடந்தீங்க. யார் கேட்டாலும் பதில் இல்ல. அன்னைக்குத்தான் முழுசா ஒரு வாக்கியம் பேசினீங்க. அக்காகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். தப்பா இருந்தா என்ன, வெட்டாத சாவி இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

கதையாக இருந்தால் சாவிக்காரர் பதிலை யோசித்து நாளைக்கு எழுதலாம். இங்கே அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். நன்றி என்ற சொல் வாய் வரை வந்து, கோணல் ஓரத்தில் சிக்கிக்கொண்டது. அவர் பென்சிலைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டார். காலியிடத்தில், இடது கையால், மைத்துனனின் பெயரை எழுத ஆரம்பித்தார். இடது கை அதுவரை நிஜ மனிதர் யாருடைய பெயரையும் எழுதியதில்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே தள்ளாடி நின்றது. எழுதி முடிக்கும் வரை மைத்துனன் மூச்சு விடவில்லை. அக்காள்தான் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். அதன் கீழே சாவிக்காரர் தன் கையெழுத்தைப் போட்டார். பழகாத கையெழுத்து, பார்க்க வேறு யாரோ ஒருவருடையது போலிருந்தது.

அதனால் சந்தேகம் அவரை விட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தாழ்வாரத்தில் மிஸ்ஸிடம் அவன் என்ன கேட்டான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. ஒரு காரணம் கற்பனை செய்து பார்த்தார், பிறகு இன்னொன்று, அப்புறம் நல்லதாக ஒன்று. எல்லாமே பொருந்தின. எது என்று அவனிடம் கேட்கவில்லை. தையல்காரர் கதை இன்னும் முடியவில்லை, தினமும் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை கடைக்குப் போக வேண்டும் என்று சாவிக்காரர் சொன்னார். தூக்க வேண்டாம், நடக்கிறேன் என்றார். இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். மைத்துனன் அவருக்கு ஒரு படி கீழே, அவர் முகத்தைப் பார்த்தபடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினான்.

"என்னடா இது? ஓடிடுவேன்னு பார்க்கறியா?"

"இல்ல, அத்தான். சும்மாதான்."

"சும்மா எவனாவது பின்னாடி நடப்பானா? திரும்பிப் படியைப் பார்த்து இறங்கு, மச்சான்" என்றார் சாவிக்காரர். "நீ விழுந்தா, உன்னை நாலு மாடி தூக்க எனக்குத் தெம்பில்ல."