சப்பாத்தோடு வருகிறவன்

சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு, ரோசம்மா வீட்டு வாசலில், அறிவியல் போட்டி நடுவர் தன் சப்பாத்தைக் கழற்றினார்.

கழற்றியிருக்கக் கூடாது. அதிராவின் மூன்று மாத வேலையும் அந்த ஒரு ஜோடிக் கறுப்புச் சப்பாத்தை நம்பித்தான் இருந்தது.

நடுவர் பெயர் ஜெகதீஸ்வரி. பாயான் லெப்பாஸ் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் பொறியியலாளர். கழற்றிய சப்பாத்தைச் சுவரோரமாக வைத்தார். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த, அதிராவின் கூட்டாளி டெஸ்மண்டின் செருப்பையும் கால்விரலாலேயே நிமிர்த்தி வைத்தார். பிறகு வெறுங்காலோடு, வாசலில் விரித்திருந்த மிதியடியை மிதித்து உள்ளே வந்தார். மிதியடி ஒன்றும் சொல்லவில்லை. வெறுங்காலுக்கு ஒன்றும் சொல்லாமல் இருக்கத்தான் அதைச் செய்திருந்தார்கள்.

யோசனை ரோசம்மாவால் வந்தது. ரோசம்மா, டெஸ்மண்டின் அம்மா. டத்தோ கிராமாட்டில் ஐந்தாவது மாடி வீடு. ஜனவரியில் பட்டப்பகலில் திருடன் புகுந்து டீவியைத் தூக்கிக்கொண்டு போனான். விசாரிக்கப் போன அதிராவிடம் ரோசம்மா டீவியைப் பற்றிப் பேசவே இல்லை.

"டீவி போனா போவுது. சப்பாத்துக் காலோட வந்திருக்கான் பாரு! காலையிலதான் தொடச்ச தரை. மனுசனா அவன்?"

வீடு திரும்பும் பேருந்திலேயே அதிராவுக்குப் பொறி தட்டியது. விருந்தாளி கழற்றுவார். சொந்தக்காரர் கழற்றுவார். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிற ஆள்கூட, தோளில் சிலிண்டரோடு ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு கழற்றுவார். இந்த ஊரில் சப்பாத்தோடு வீட்டுக்குள் கால் வைக்கிறவன் ஒருவன்தான். அவனை மட்டும் கண்டுபிடித்தால் போதும். கேமரா வேண்டாம், இணையம் வேண்டாம். ஒரு மிதியடி, அதன்மேல் இரண்டு பட்டை சமையலறை அலுமினியத் தாள், உள்ளே ஒரு சின்னச் சர்க்யூட், ஒரு சைரன். வெறுங்கால் பட்டால் உடம்புக்கே தெரியாத அளவு மின்சாரம் ஓடும். மிதியடி சும்மா இருக்கும். எடை விழுந்தும் மின்சாரம் ஓடவில்லை என்றால் நடுவில் ரப்பர் இருக்கிறது என்று அர்த்தம். சைரன் அலறும். போட்டியில் நூறு வெள்ளிவரை செலவு செய்யலாம். இவர்கள் நாற்பதில் முடித்துவிட்டார்கள்.

"திருடன் கழட்டிட்டு வந்தா?" என்று கேட்டார் சந்திரசேகரன் சார், பள்ளி அறிவியல் மன்றத்தின் பொறுப்பாசிரியர்.

"கழட்டிட்டு வந்தா அவன் நல்ல குடும்பத்துப் பிள்ள சார்," என்றான் டெஸ்மண்ட். "எங்கம்மா காப்பி போட்டுக் கொடுப்பாங்க."

சார் சிரிக்கவில்லை. போன வருடம் அதிரா செய்த தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி, ஒரு ரோஜாத் தொட்டிக்காகப் பள்ளி நூலகம் முழுவதையும் நனைத்திருந்தது.

"இதுதான் கடைசி," என்றார். "கோலாலம்பூர் இறுதிச் சுற்றுக்குப் போனா மன்றத்துல இரு. இல்லாட்டி பாட்டுக் குழுவுல போய்ச் சேர்ந்துக்க."

அதிரா பாடி ஊரே கேட்டிருக்கிறது. அந்த மிரட்டல் அவளுக்கா, பாட்டுக் குழுவுக்கா என்பதில் பள்ளியில் இரண்டு கருத்து இருந்தது.

மிதியடியை ரோசம்மா வீட்டில் ஒரு வாரம் போட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு முறை தவறாக அலறியது. நாலாவது மாடி ராமசாமி அங்கிள் வெறுங்காலோடு வந்தபோது. இருபத்திரண்டு வருடமாகத் தைப்பூசத்துக்குக் கொதிக்கும் தார்ச்சாலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து நடந்து காய்த்துப்போன பாதம் அது. மிதியடிக்கு அது ரப்பராகத் தெரிந்தது.

"நான் யாருன்னு முருகனுக்குத் தெரியும்டா," என்றார் அவர். "ஒன் கால்மிதிக்குத் தெரியலியே!"

அதனால் இன்று குழுவின் மூன்றாவது ஆளான ஹைக்கல் நாலாவது மாடியில் அவரோடு உட்கார்ந்து பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நடுவர் போகும்வரை அவர் மேலே வரக் கூடாது.

அந்த ஏற்பாட்டில் குறை இல்லை. கோட்டைவிட்டது டெஸ்மண்ட். "அதிகாரிங்க யாரும் சப்பாத்து கழட்ட மாட்டாங்க. நடுவர் கால் வச்சதும் அடிக்கும், அதுவே போதும்," என்று அடித்துச் சொன்னவன் அவன்.

"சரி, அடிக்கிறதைக் காட்டுங்க," என்றார் ஜெகதீஸ்வரி. "இன்னும் மூணு வீடு போவணும். அடிக்கலன்னா நான் பூஜ்யம்தான் போடணும், பார்த்துக்குங்க."

"மேடம் சப்பாத்து போட்டுக்கிட்டு ஒரு தடவ உள்ள வந்தீங்கன்னா..." என்று இழுத்தாள் அதிரா.

ஜெகதீஸ்வரி தரையைப் பார்த்தார். மொசைக் தரை. அதில் ஜன்னல் தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது. அடுப்படி வாசலில் ரோசம்மா காப்பித் தட்டோடு நின்றார்.

"நான் மாட்டேம்பா. எங்கம்மா கேள்விப்பட்டா கால ஒடிச்சிருவாங்க. நீங்களே யாராச்சும் வாங்க."

டெஸ்மண்ட் வெளியே போனான். பள்ளிச் சப்பாத்தை மாட்டிக் கயிறு கட்டினான். வாசல்வரை வந்தான். ரோசம்மா பார்த்தார், அவ்வளவுதான். அவன் குனிந்து கயிற்றை அவிழ்த்தான்.

"டேய்!"

"முடியலைலா. அம்மா பாக்குறாங்க." பிறகு அதிராவின் காதருகே வந்தான். "ராமசாமி அங்கிளைக் கூப்பிடவா? அவரு சும்மா வந்தாலே அடிக்கும்."

"அறிவு இருக்கா? அதத்தானே மறைக்கிறோம்!"

அதிரா போனாள். அவள் போட்டு வந்திருந்தது செருப்புதான்; திருடன் வேஷத்துக்குச் சப்பாத்து வேண்டும். பீட்டர் அங்கிள், டெஸ்மண்டின் அப்பா, வேலைக்குப் போடும் சப்பாத்து அங்கே இருந்தது. அதற்குள் காலை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். மிதியடி காலில் பட்டது.

சத்தம் இல்லை.

கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். வெறுங்கால். பீட்டர் அங்கிளின் சப்பாத்து வாசலுக்கு வெளியே ஒன்றையொன்று ஒட்டி ஒழுங்காக நின்றது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதிராவின் கண்முன்னால் பாட்டுக் குழு வரிசையாக வந்து நின்றது.

"டெஸ்மண்ட், ராஃபியா கயிறு இருக்கா?"

"எதுக்கு?"

"கட்டு. கால்ல வச்சுக் கட்டு. நானே நெனச்சாலும் கழட்ட முடியாத மாதிரி."

டெஸ்மண்ட் மண்டியிட்டு, சப்பாத்தைக் கணுக்காலோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினான். ஒவ்வொரு காலுக்கும் நாலு முடிச்சு. சந்தைக்குப் போகும் கோழிக்குக்கூட அத்தனை கட்டு இருக்காது.

அதிரா உள்ளே வந்தாள்.

சைரன் அலறியது. காப்பித் தட்டில் கரண்டிகள் ஆடின. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சந்தோஷத்தில் அதிரா மிதியடியைத் தாண்டி இன்னும் இரண்டு அடி வைத்துவிட்டாள்.

"அப்படியே நில்லு!" என்று கத்தினார் ஜெகதீஸ்வரி, கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி. "சத்தத்த அளக்கணும். ஒரு நிமிசம்!"

அறுபது நொடி. பீட்டர் அங்கிளின் சப்பாத்தில் நேற்றைய மழைச் சேறு காயாமல் இருந்தது. ரோசம்மாவின் கண் சேற்றை விட்டு நகரவில்லை. அவர் வாய் அசைந்தது. சைரனில் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் மாதாவைக் கூப்பிட்டார் என்பது உதட்டில் தெரிந்தது. அடுத்து வந்தது ஜெபம் இல்லை.

நாற்பதாவது நொடியில் ராமசாமி அங்கிள் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். அவர் சட்டையைப் பிடித்தபடி பின்னால் ஹைக்கல்.

"இந்தத் தடவ நான் இல்ல!" என்று கத்தினார் ராமசாமி அங்கிள். "சத்தியமா நான் இல்ல!"

நடுவருக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று அதிரா முருகனையும் மாதாவையும் சேர்த்தே வேண்டிக்கொண்டாள். ஹைக்கல் அங்கிளைத் திரும்ப இழுத்துப் போனான்.

டெஸ்மண்ட் சுவிட்சைத் தட்டினான். அமைதி வந்தது. ரோசம்மா தட்டைக் கீழே வைத்தார், உள்ளே போனார், வாளியும் துணியுமாக வந்தார்.

"அசையாத," என்றார் அதிராவிடம். "ஒரு எட்டு வச்ச, பாத்துக்க."

அதிரா அசையவில்லை. டெஸ்மண்ட் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினான். சப்பாத்து தரையைத் தொடாமல் அவன் கையிலேயே வெளியே போனது. ரோசம்மா முட்டிபோட்டுத் துடைத்தார். ஒரு தடம், இரண்டு தடம். தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்து, ஒன்றும் இல்லாத இடத்தையும் துடைத்தார்.

"நல்லாருக்கு," என்றார் ஜெகதீஸ்வரி. எழுதிக்கொண்டே இருந்தார். "ரொம்ப நல்லாருக்கு. சத்தம் போதும், வெலையும் கம்மி. நான் கோலாலம்பூருக்கு அனுப்பலாம்னுதான் நெனக்கிறேன்."

அதிரா மூச்சு விட்டாள்.

"விதி பதினொண்ணு மட்டும் பாக்கி. அடுத்தடுத்து மூணு தடவ அடிக்கணும். ஒண்ணு ஆச்சு."

விதிப் புத்தகம் டெஸ்மண்டிடம்தான் இருந்தது. அதிரா அவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ரோசம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தரை ஈரமாக மின்னியது. துணியைப் பிழியப் போனவர், அதிரா இன்னும் அங்கேயே நிற்பதைக் கண்டு நிமிர்ந்தார்.

"ஆன்ட்டி," என்றாள் அதிரா, "இன்னும் ரெண்டே ரெண்டு தடவ மட்டும் நான் திருட வரட்டுமா?"