ஸ்டார்ட் ஆகும்வரை

வாசலில் நின்ற பழைய காரின் சாவியிலிருந்து அவள் கையை எடுக்கவேயில்லை. இன்ஜின் இருமியது, முனகியது, அடங்கிப்போனது. மறுபடி திருப்பினாள். ஆக்ஸிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்தாள். குப்பென்று பெட்ரோல் நாற்றம் அடித்தபோதுதான் தான் செய்த காரியம் உறைத்தது.

பதற்றத்தில் மிதித்து இன்ஜினைப் பெட்ரோலில் குளிப்பாட்டிவிட்டாள். இத்தனைக்கும் பள்ளி வேன் ஓட்டுகிறவள். குளிர்காலம் வந்தால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை இதே தப்புக்காக வாய்க்கு வந்தபடி திட்டுகிறவள். இனி அந்தப் பெட்ரோல் காயும்வரை வண்டியைத் தொடக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

பின்சீட்டில் அவள் கணவர் போர்வைக்குள் சாய்ந்து கிடந்தார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாலையெல்லாம் பனி உறைந்து ஏகப்பட்ட விபத்து, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் கார் வைத்திருந்தவர்கள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

"என்ன டிரைவரம்மா?" அவர் குரல் மெலிந்திருந்தது. "ஊரு புள்ளைங்களையெல்லாம் ஏத்திட்டுப் போற. புருஷனை ஏத்தினா மட்டும் வண்டி நகர மாட்டேங்குது?"

"ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சுங்க. கொஞ்ச நேரம் விட்டாத்தான் பிடிக்கும்."

"சரி, விடு. நான் எங்க போயிடப் போறேன்?"

அவள் சாவியை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"பேசிட்டே இருங்க," என்றாள்.

"கல்யாணம் ஆனதுல இருந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துட்டிருந்தேன்."

அவர் சலூன் வைத்திருப்பவர். கத்தரிக்கோலைவிட வாய் வேகமாக ஓடும். வீட்டுக்கு வந்தாலும் ஓயாது, அவள்தான் காதைப் பொத்திக்கொள்வாள். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாதித் தலை வெட்டியிருக்கேன்... எவனோ வந்து, வெளிய நிக்கற காரைக் கட்டி இழுத்துட்டுப் போறாங்கன்னு கத்தறான்... நாற்காலியில இருந்தவன் கழுத்துல கட்டின துணியோட ஓடறான்..."

நூறு தடவை கேட்ட கதை. ஒரு தடவைகூட அவள் சிரித்ததில்லை.

"அப்புறம்?"

"தெருவே பாக்குது... நானும் கத்தரிக்கோலோட..." மூச்சு இழுத்தது. "பின்னாடியே..."

"ம். அப்புறம்?"

கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டாள்.

"அப்புறம் என்னங்க?"

போர்வை சரியும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கலாம், கையை நீட்டித் தொட்டும் பார்க்கலாம். கழுத்து திரும்ப மறுத்தது. பயமென்றால் அப்படியொரு பயம். பார்க்காதவரைக்கும் அவர் மூச்சு வாங்கத்தான் நிறுத்தியிருக்கிறார், வேறொன்றுமில்லை.

பெட்ரோல் நாற்றம் குறைந்திருந்தது. பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக்கை உள்ளே தள்ளினாள். இந்தத் தடவை மிதிக்காமல், இன்ஜினுக்குள் காற்று போக ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு தடவை உதறியது, இன்னொரு தடவை உதறியது, பிடித்துக்கொண்டது.

"பிடிச்சிடுச்சுங்க! கேக்குதா?"

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. குளிரில் விறைத்திருந்த விரல்களால் அவள் ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டாள்.

"அப்புறம் அவன் மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பாத்தா," என்று அவளே தொடர்ந்தாள், இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி. "அது அவன் காரே இல்ல. அப்படித்தானேங்க? திரும்பி வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி அதே நாற்காலியில உக்காந்துட்டான். மீதியை வெட்டுங்கன்னான்."

வழக்கமாக அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். கேட்பவர்கள் சிரித்து முடிக்க அவர் விடுகிற இடைவெளி அது. அவ்வளவு நேரம் விட்டாள்.

பிறகு ரிவர்ஸ் கியரைப் போட்டாள். பின்சீட் தெரியும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள்.